மற்றக் கையையும் காட்டுங்கோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி, பேய், பிசாசு, உரு, சகுனம், கனவில் வந்து சொன்னது என்பவற்றில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. எங்கள் ஊரில் யாராவது வேலியோரம் வெள்ளையாக எதையோ கண்டேன் என்று நடுங்கினால், போய்ப் பார்த்து அது கொடியில் காய்கிற வேட்டி என்று வந்து சொல்கிற ஆள் நான்தான். அதனாலேயே பலருக்கு என்னோடு கோபம். இப்போது உங்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் அம்மாவும் என் மனைவியும் உள்ளே பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் மெசினில் இரத்தம் கழுவிக்கொண்டு கிடக்கிறார்கள், வெளியே வர நிறைய நேரம் இருக்கிறது, நீங்களும் வந்ததிலிருந்து ஃபோனைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருக்கிறீர்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ஆனால் முடியும்வரை எழும்பிப் போகக் கூடாது.

பேய்க்கதை என்றால் நடுச்சாமமும் நாய் ஊளையும் வேண்டும் என்பார்கள். இதில் அது ஒன்றும் இல்லை. இது போன வருசம் ஒரு வெள்ளிக்கிழமை பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில் நடந்தது. அரைவாசி ஊரில் நடந்தது, மிச்சம் இந்த வாங்கில், நாங்கள் இப்போது குந்திக்கொண்டு இருக்கிற இதே வாங்கில் நடந்தது.

நாங்கள் முந்தி முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்தவர்கள். எனக்குக் கடற்றொழில். மனைவி பெயர் தவமணி, நான் தவம் என்பேன். ஒரே மகள், தாரணி. எட்டு வயது. இடக்கைக்காரி. நான் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்தும்போது பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு தானும் முடிவாள், ஆனால் இடக்கையால் முடிவதால் அவளுடைய முடிச்சு எல்லாம் மறுபக்கமாகத் திரும்பி நிற்கும். "உன்ர முடிச்சைக் கண்டா மீன் எல்லாம் திரும்பிப் போயிடும் பிள்ளை" என்று நான் நக்கலடிப்பேன், அவள் என் முதுகில் குத்துவாள்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. கடலால் வந்ததும் ஒரு இனிப்பு ரொபியை ஒரு கைக்குள் மறைத்து இரண்டு கையையும் பொத்தி நீட்டுவேன். எந்தக் கை என்று அவள் தட்டிக் காட்ட வேண்டும். தட்டுவதிலும் ஒரு தினுசு, முதலில் மெல்ல ஒரு தட்டு, பிறகு பலமாக ஒரு தட்டு. ஒருநாள் விளையாட்டுக்கு நான் ரொபியைச் சாரத்து மடியில் செருகிவிட்டு வெறுங்கை இரண்டையும் நீட்டிவிட்டேன். கண்டுபிடித்துவிட்டாள். ஐயோ, என்ன அழுகை, என்ன கோபம்! "அப்பா கள்ள விளையாட்டு." அன்றைக்குப் பிறகு ரொபி கிடைத்தாலும் விடமாட்டாள். "மற்றக் கையையும் காட்டுங்கோ" என்று நின்று, வெறுங்கையைப் பார்த்த பிறகுதான் ரொபியைப் பிரிப்பாள். தவத்துக்கு மீன் வெடில் நாற்றம் ஒத்துக்கொள்ளாது, கரைப் பக்கம் வரவே மாட்டாள், அதனால் இது எனக்கும் மகளுக்கும் மட்டும் ஆன விளையாட்டு. இதை மறந்துவிடாதீர்கள், பிறகு வேண்டும்.

சுனாமி வந்த காலை நான் சந்தையில் நின்றேன். தவம் ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பினாள். தாரணி எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை.

அதோடு எனக்குக் கடலும் வேண்டாம், கடவுளும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. தவத்துக்கு நேர்மாறு. முந்தி வெள்ளிக்கு வெள்ளி விளக்கு வைத்தவள், பிறகு செவ்வாய், திங்கள், கார்த்திகை, சதுர்த்தி என்று விரதம் இல்லாத நாளைத் தேடிப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. சண்டைக் காலம் ஊர் ஊராக ஓடினோமே, அப்போது நான் அரிசி மூட்டையைத் தூக்கினேன், அவள் அம்மன் படத்தைத் தூக்கினாள். மழைத்தண்ணீரில் ஊறி அம்மனின் முகம் பாதி அழிந்துவிட்டது, அப்படியும் விடவில்லை. அரிசி முடிந்துவிட்டது, படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. நான் கண்டபடி பேசியிருக்கிறேன். ஆனால் ஒன்று, கடைசியில் எங்களை அடைத்து வைத்திருந்த முகாமில் மற்றவர்களைப் போல அவளுக்கும் மூளை கலங்கிப்போகாமல் காத்தது அந்தப் படம்தான், அது எனக்குத் தெரியும்.

பிறகு உடையார்கட்டில் தவத்தின் சீதனக் காணியில் வீடு கட்டினோம். கொஞ்சம் வயல், குளத்தில் மீன் பிடிக்கிறவர்களுக்கு வலை பொத்திக் கொடுப்பது என்று என் பாடு போனது. அப்போதுதான் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்றார்கள். உங்களுக்கு இப்போதுதான் தொடக்கம், போகப் போகத் தெரியும். உப்பு இல்லை, வாழைப்பழம் இல்லை, தண்ணீரும் அளந்துதான். ஒரு சின்னப் போத்தலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதிலிருந்து நக்கிக் குடிப்பாள். நான் செம்பைத் தூக்கினால் போதும், "அங்கால போய்க் குடியுங்கோ, குடிக்கிற சத்தம் இஞ்ச கேக்குது" என்பாள். இன்றைக்கும் நான் கிணற்றடிக்குப் போய் மறைந்து நின்றுதான் தண்ணீர் குடிக்கிறேன், கள்ளுக் குடிக்கிறவன் மாதிரி.

கிழமைக்கு இரண்டு தரம் இங்கே வவுனியாவுக்கு வர வேண்டும். நெளுக்குளத்தில் அவளுடைய தங்கை வீட்டில் முதல் நாளே வந்து படுத்துவிட்டு விடிய வருவோம். உள்ளே போய்ப் பார்த்தீர்கள்தானே, அந்த அறையில் இல்லாத கடவுள் இல்லை. ஒரு கட்டிலில் திருநீற்றுச் சரை, ஒரு கட்டிலில் செபமாலை, ஒருவர் கையில் மந்திரித்த நூல். ஒருவருடைய சாமியை ஒருவர் கடன் வாங்குவதும் உண்டு. ஞானம்மா என்று ஒரு அக்கா இருந்தா, எங்கள் கரைக்காரி, அவவுடைய பிள்ளைகளையும் அதே கடல்தான் கொண்டுபோனது. அவ தவத்துக்கு மாதா கோயில் மண் கொடுப்பா, தவம் அவவுக்கு அம்மன் கோயில் குங்குமம் கொடுப்பாள். மெசின் ஓட ஓட இரண்டு பேரும் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்துச் சிரிப்பார்கள். வீட்டில் என்னிடம் ஒருநாளும் எடுக்காத கதை எல்லாம் அங்கே ஞானம்மாவிடம் எடுப்பாள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது.

போன வருசம் ஒருநாள் வந்தபோது ஞானம்மாவின் கட்டிலில் வேறு யாரோ கிடந்தார்கள். ஞானம்மா போய்விட்டா. வீட்டுக்குப் போனதும் தவம் ஆஸ்பத்திரிப் பையைக் கழுவி வெயிலில் கவிழ்த்துப் போட்டாள். "நான் இனிப் போகேல்லை. போதும்" என்றாள்.

நான் கத்தினேன், கெஞ்சினேன், தங்கையைக் கூப்பிட்டு அழவைத்தேன். ஒரு முறை தவறிப்போனது. முகமும் காலும் வீங்கத் தொடங்கியது. இன்னொரு முறையும் தவறினால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறிவிடும், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் பயன் இல்லை என்று நேர்ஸ் ஃபோனில் சொன்னா. சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து இருந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு தவம் என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ. வெள்ளிக்கிழமை கோயில்ல பூக் கட்டிப் பாப்பம். அம்மாள் என்ன சொல்லுறாவோ அதைக் கேப்பன்."

பூக் கட்டிப் பார்ப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரி இலையில் பொதிந்து கட்டி அம்மன் முன்னால் வைத்துக் கும்பிட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவது, சிவப்பு வந்தால் போவதில்லை என்று தவம் வைத்துக்கொண்டாள். ஒரு மனிசியின் உயிரைக் கொண்டுபோய் இரண்டு பூவில் வைக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"கட்டுறதை நீங்கள்தான் கட்டவேணும்."

"நானோ? கோயிலுக்குள்ள கால் வைக்காத ஆளைப் பிடிச்சுக் கட்டச் சொல்லுறாய்."

"அதாலதான் சொல்லுறன். பூசாரியாரிட்டக் குடுத்தா, பாவம் எண்டு ரெண்டிலயும் வெள்ளையை வைச்சிடுவார். உங்களுக்கு இதில நம்பிக்கை இல்லை, கள்ளம் செய்ய மாட்டியள்."

பாருங்கள் தம்பி, எனக்கு அதுவரைக்கும் அந்த யோசனை வரவே இல்லை. அவளேதான் எடுத்துத் தந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் கண் முன்னாலேயே நந்தியாவட்டையில் ஒரு வெள்ளைப் பூவும், செவ்வரத்தையில் ஒரு சிவப்பு மொட்டும் பறித்தேன். செவ்வரத்தையில் அன்றைக்கு இருந்ததே அந்த ஒரு மொட்டுத்தான். பிறகு வீட்டுக்குப் பின்னால் போய் இன்னொரு நந்தியாவட்டையைப் பிடுங்கினேன். சிவப்பு மொட்டை அங்கே கட்டியிருந்த எங்கள் ஆட்டிடம் நீட்டினேன். ஆடு அதை வாங்கி மென்று தின்றது, நான் நின்று பார்த்தேன், இதழ் ஒன்று வாயோரம் ஒட்டியிருந்தது, அதையும் நாக்கால் எடுத்துத் தின்றது. இதை நான் சும்மா சொல்லவில்லை, பிறகு இதற்காக அந்த ஆட்டோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டு வாழையிலைத் துண்டில் இரண்டு வெள்ளைப் பூவையும் பொதிந்து, வாழைநாரைத் தேட நேரமில்லாமல் மடியில் இருந்த நீல நைலோன் நூலால் கட்டினேன். கட்டுவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே கட்டுத்தான், வலை முடிச்சு. அது அவிழாது, வெட்டினால்தான் உண்டு. இரண்டையும் தட்டத்தில் வைத்துத் துணியால் மூடினேன். சட்டை போட உள்ளே போன நேரம் மட்டும் தட்டம் விறாந்தையில் இருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், தவமோ குசினிக் கதவடியில் கதிரையை விட்டுத் தனியாக எழும்ப ஏலாமல் இருந்தாள். மற்றபடி ஓட்டோவில் வழி முழுக்கத் தட்டம் என் மடியில்தான். கள்ளன் கைப்பொருளை விடமாட்டான்தானே.

கோயில் குளக்கட்டடியில் இருக்கிற சின்னக் கோயில். பூசை முடிந்து சனம் போய்விட்டது. பூசாரியார் தட்டத்தைக் கற்பூரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கினார். தவம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கும்பிட்டாள். நான் எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அம்மன் முகத்தை நேரே பார்த்தேன். பார்த்து மனதுக்குள், நீ ஒன்றும் செய்ய வேண்டாம், எல்லாம் நான் செய்துவிட்டேன், சும்மா இருந்தால் போதும் என்றேன். கொழுப்புத்தான்.

தவத்தின் கை போனது, நின்றது, பிறகு ஒன்றை எடுத்தது. பூசாரியார் கத்தியால் நூலை வெட்டிப் பிரித்தார். வெள்ளை.

தவம் அழுதாள். அழுதுகொண்டே, "அம்மாள் விடுறா இல்லை என்னை. வாங்கோ, வானைப் பிடியுங்கோ" என்றாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, குளத்தில் விட வேண்டும் என்பது அவளுடைய சட்டம். நான் விடுகிறேன் என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். வான், பை, மருந்து என்று ஓடிய ஓட்டத்தில் குளம் ஞாபகத்தில் இல்லை.

மத்தியானம் கழித்து இங்கே வந்து சேர்ந்தோம். உள்ளே எடுத்தார்கள். டொக்டர் வெளியே வந்து, நாளைக்குக் கொண்டு வந்திருந்தால் நான் கையை விரித்திருப்பேன் என்று ஏசினார். அந்த ஏச்சு எனக்குத் தேவாரம் மாதிரி இருந்தது. ஒரு கோப்பை பிளேன்ரீ வாங்கிக்கொண்டு இந்த வாங்கில் வந்து இருந்து, ஆளைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு நானே சிரித்தேன். சிரிக்கும்போது சட்டைப் பையில் பொட்டலம் தட்டுப்பட்டது. எடுத்து அந்த மூலையில் இருக்கிற குப்பைத் தொட்டிக்குள் போட எழும்பினேன்.

நம்பினால் நம்புங்கள். அந்தக் குரல் காதில் கேட்டது என்று நான் சொல்லவில்லை, மனதுக்குள்தான் வந்தது. ஆனால் எத்தனையோ வருசம் வராத குரல். மற்றக் கையையும் காட்டுங்கோ.

இருந்துவிட்டேன். முடிச்சு அவிழாது என்று தெரியும், கத்தியும் இல்லை, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். இலையைப் பிரித்தேன். உள்ளே சிவப்பு மொட்டு இருந்தது. செவ்வரத்தை மொட்டு.

பிளேன்ரீ காலில் ஊற்றுப்பட்டதுகூடத் தெரியவில்லை. நான் மறதிக்காரனா, ஆட்டுக்கு வெள்ளையைக் கொடுத்துவிட்டேனா என்று யோசித்தேன். இல்லை. தவம் மாற்றினாளா? தனியாக எழும்பி நடக்க ஏலாதவள். மொட்டுக்கு எங்கே போவாள், இருந்த ஒன்றும் ஆட்டின் வயிற்றில். அப்படியே மாற்றியிருந்தாலும் முடிச்சை என்ன செய்வது? முடிச்சு என்றதும்தான் நூலைத் தேடினேன், வாங்குக்குக் கீழே கிடந்தது, நான் கடித்தது வேறு இடத்தில், முடிச்சு அப்படியே இருந்தது. எங்கள் வலை முடிச்சுத்தான். எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முடிச்சு மறுபக்கமாகத் திரும்பி நின்றது.

அந்தக் கோணல் முடிச்சை எனக்குத் தெரியாதா? அதைப் பார்த்து எவ்வளவு நக்கலடித்திருப்பேன். பட்டப்பகலில், இத்தனை சனம் போய்வருகிற இடத்தில் இருந்து குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதேன். ஒரு காவலாளி வந்து, ஆள் போயிட்டாவோ ஐயா என்று கேட்டார். இல்லைத் தம்பி, இருக்கிறா என்றேன்.

வீட்டுக்குப் போன பிறகு நானும் இடக்கையால் அந்த மாதிரி முடிந்து பார்த்தேன், எத்தனையோ தரம். ஒழுங்காக வரவில்லை. ஆட்டையும் விசாரித்தேன், அது வேறு கதை. கள்ள விளையாட்டு என்று பிள்ளை திருத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று ஒரு மனம் சொல்லும். விசரா, உனக்கு மூளை பிசகிவிட்டது என்று மறு மனம் சொல்லும். எனக்குப் பயமாக இருந்ததும் அதுதான். இரண்டிலும் வெள்ளையை வைத்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டு நின்ற நேரம், உண்மையில் தவத்தின் கைக்கு முன்னால் சிவப்பும் இருந்திருக்கிறது. அவள் அதை எடுத்திருந்தால்? மகள்தான் வைத்தாள் என்றால், தாய் தன்னிடம் வரட்டும் என்றா வைத்தாள்? பிள்ளைக்குத் தாயில் ஆசை இருக்காதா? இந்த யோசனையில் கொஞ்சக் காலம் எனக்குச் சாப்பாடும் இறங்கவில்லை, தவத்திடம் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் நான் செய்த கள்ளமும் வெளியில் வரும்.

போன மாதம்தான், நெளுக்குளத்தில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருக்கும்போது தவம் தானாகவே கதையை எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, அண்டைக்குக் கோயில்ல ஒண்டு நடந்தது. நக்கலடிப்பியள் எண்டு சொல்லேல்லை."

"என்ன நடந்தது?"

"என்ர கை முதல்ல மற்றப் பொட்டலத்துக்குத்தான் போனது. தொட்டும் போட்டன். அப்ப ஆரோ என்ர புறங்கையில தட்டின மாதிரி இருந்தது. சின்ன விரல். பூசாரியாற்ற பேத்தியாக்கும் எண்டு திரும்பிப் பாத்தன், ஒருத்தரையும் காணேல்லை. பிறகுதான் கையை எடுத்து இதை எடுத்தனான்."

"எப்பிடித் தட்டினது?" என்று கேட்டேன்.

தவம் என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்தாள். ஒரு விரலால் முதலில் மெல்ல ஒரு தட்டு. பிறகு பலமாக ஒரு தட்டு.

நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். பிள்ளைக்குத் தாய் என்றால் எவ்வளவு உயிர் என்று எனக்குத் தெரியும் தம்பி. என்னைக் கள்ளம் செய்யவும் விடவில்லை, தாயின் கையையும் தட்டி என் பக்கம், வெள்ளைப் பக்கமாகவே திருப்பிவிட்டிருக்கிறாள்.

அந்தா, கதவு திறக்கிறார்கள், உங்கள் அம்மாவும் வருகிறா. என்ன கதைத்துக்கொண்டு இருந்தீர்கள் என்று தவம் கேட்பாள், வயல் கதை என்று சொல்லுங்கள். அந்த மற்றப் பொட்டலத்திலும் நான் வைத்துக் கட்டியது வெள்ளை என்பது அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.